வீட்டில் அம்மாவுக்கு நடக்கும் பராமரிப்பு தரமாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

கேள்வி: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 74. பாளையங்கோட்டையில் அப்பாவுடன் இருக்கிறார். சென்ற ஆவணியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது என்று மருத்துவர் சொல்கிறார், ஆனால் ஓரிரு ஒலிகளுக்கு மேல் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை. அப்பாவுக்கு 79 வயது, மூட்டுவலிக்காரர். தூக்கவோ புரட்டவோ அவரால் இயலாது. நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன், மாதத்தில் ஒரு முறை போய் வருகிறேன். அதனால் ஓர் ஏஜென்சி மூலமாக, 24 மணி நேரமும் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருவரை ஏற்பாடு செய்தோம். இந்த ஐந்து மாதத்தில் இப்போது இருப்பவர் மூன்றாமவர்.

தினமும் இரவு எட்டு மணிக்கு ஏஜென்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வரும். குளியல், பல் துலக்குதல், மூன்று வேளை உணவு, மாத்திரை, டயப்பர் மாற்றியது, புரட்டிப் படுக்கவைத்தது என்று அதில் பதினான்கு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சை நிறத்தில் ஒரு டிக். ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட ஒரு டிக் குறைந்ததில்லை. அதைப் பார்த்து நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

பொங்கலன்று அம்மா கையால் காசு வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். நூறு ரூபாய் நோட்டு ஒன்றை அவருடைய வலது கையில் வைத்து, அவர் தருவதுபோல வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தக் கையை எடுத்தேன். பக்கவாதம் வந்த பிறகு அது முஷ்டியாக மூடியே இருக்கிறது. மெல்ல விரல்களைப் பிரித்தபோது, ஈரத்துணியை மூடிவைத்தால் வரும் வாடை வந்தது. உள்ளங்கைத் தோல் ஊறி வெளுத்திருந்தது. ரேகைகளில் அழுக்கு திரண்டிருந்தது. நடுவிரல் நகமும் மோதிரவிரல் நகமும் சதையில் பதிந்து, பிறை வடிவில் இரண்டு புண்கள். எத்தனை வாரமாக அந்தக் கையை யாரும் திறக்கவில்லை என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அன்றைய படிவத்திலும் குளியலுக்கு நேரே டிக் இருந்தது. அது பொய்யும் அல்ல. குளிப்பாட்டியிருக்கிறார்கள், மூடிய கையோடு.

அந்தப் பெண்ணின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பணிவானவர், வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறார், அப்பா அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்கிறார். நானும் இதுவரை ஊருக்குப் போகும்போதெல்லாம் படுக்கை விரிப்பு வெளுப்பாக இருக்கிறதா, அறையில் நாற்றம் இல்லையா, அம்மாவுக்குத் தலை சீவிப் பொட்டு வைத்திருக்கிறார்களா என்பதை மட்டுமே பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பியிருக்கிறேன். அவையெல்லாம் வருகிறவர் கண்ணுக்காகச் செய்யப்படுபவையாகவும் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே கேட்கிறேன்: ஒரு வீட்டுக்குள் நடக்கும் பராமரிப்பின் தரத்தை, தொலைவில் இருக்கும் ஒருவர் எதைக் கொண்டு மதிப்பிட வேண்டும்? பேச முடியாத அம்மாவிடம் எப்படிக் கேட்பது? மகனாகிய நான் அவருடைய உடம்பை எந்த அளவுக்குப் பார்த்துச் சோதிப்பது? கேமரா வைத்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லக் காரணமும் தெரியவில்லை.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

தம்பி, மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். மூடிய விரல்களை நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுகும், வலிக்கும். மணிக்கட்டை உள்பக்கமாக மெதுவாக மடக்குங்கள். அப்படி மடக்கும்போது விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும். பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடுத்துவிட்டால் மற்ற விரல்கள் எளிதாகப் பிரியும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஒற்றி ஒற்றி நன்றாக உலர்த்தி, நகங்களை ஒட்ட வெட்டி, மென்மையான துணியைச் சுருட்டி உள்ளங்கையில் வைக்கலாம். புண் இருப்பதால் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். நீரிழிவு இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் வார்டுகளிலும் பதிவேடுகளில் எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். சுற்றி வரும்போது நாங்கள் பதிவேட்டைக் கடைசியில்தான் எடுப்போம். முதலில் நோயாளியைப் புரட்டிப் பார்ப்போம். பராமரிப்பில் விட்டுப்போனது எதுவானாலும் சில நாட்களில் உடம்பில் ஏதாவது ஓர் இடத்தில் வந்து நிற்கும். அது பெரும்பாலும் மடிப்புகளிலும், எலும்பு துருத்தும் இடங்களிலும், யாரும் எட்டிப் பார்க்காத இடங்களிலும்தான்: முதுகின் கடைப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால், பின்மண்டை, காதின் பின்புறம், மார்புக்குக் கீழுள்ள மடிப்பு, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு, பிறகு நீங்கள் பார்த்த உள்ளங்கை.

படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவப்பது நல்ல தோல். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு ஆபத்து. ஆனால் நம்மவர்களில் பலரின் நிறத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது, அதனாலேயே எத்தனையோ பேருக்குத் தோல் உடைந்த பிறகுதான் தெரிய வந்திருக்கிறது. சுற்றுப்புறத் தோலைவிட அந்த இடம் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, கல்போல் இறுகியோ சேறுபோல் தொளதொளத்தோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படி இருக்கும் இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது கூடாது, உள்ளே நைந்துபோன சதை மேலும் நையும்.

மகனால் அம்மாவின் உடம்பை முழுதும் பார்க்க முடியாது என்பது நியாயமான தயக்கம். சித்தியோ, அத்தையோ, உங்கள் மனைவியோ, அம்மா கூச்சப்படாத ஒரு பெண் வாரம் ஒரு முறை குளிக்கும் நேரத்தில் கூட இருந்து, கூந்தல் முதல் குதிகால் வரை பார்த்தால் போதும். வேவு பார்க்க வந்தவராக இல்லாமல், ஒரு கை கொடுக்க வந்தவராக அவர் போகட்டும். வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருப்பது அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் உணர்வு குறைந்திருக்கும். காலையில் ஊட்டிய இட்லி மாலையிலும் அங்கேயே இருந்தால், வாய் கழுவிவிடவில்லை என்று அர்த்தம். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

படுத்தே இருப்பவரின் எடையைப் பார்ப்பது கடினம். அதற்குப் பதிலாகத் தையல்காரர் வைத்திருக்கும் டேப்பால், செயலிழக்காத காலின் கெண்டைச்சதையை அதன் பருத்த இடத்தில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சத்துக்குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். "மூன்று வேளையும் சாப்பிட்டார்" என்று எழுதியிருக்கும்போதே அந்த அளவு மாதாமாதம் குறைந்துகொண்டு வந்தால், தட்டில் வைத்தது வயிற்றுக்குள் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

படுக்கைப்புண் வரும் அபாயத்தைக் கணக்கிட 'பிரேடன் அளவுகோல்' என்ற ஒன்று 1987 முதல் நடைமுறையில் இருக்கிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், தானாகப் புரளும் திறன், உணவு, உராய்வு என்ற ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தருவார்கள். 18-க்குக் கீழே இறங்க இறங்க அபாயம் கூடும். வீட்டுக்கு வரும் எந்தச் செவிலியரும் பத்து நிமிடத்தில் போட்டுத் தருவார். இந்த எண், அம்மாவை எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்று முடிவுசெய்ய உதவும். அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் போட அதை எடுக்காதீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை எதுவும் சொல்லாமல் கூடவே இருந்து பாருங்கள். படுக்கையிலிருந்து எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கிறாரா? அப்படி இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். செயலிழந்த கையில் பிடித்து நிறுத்தத் தசை வலு இல்லை. ஊட்டும்போது தலையணையை உயர்த்தி உட்காரவைக்கிறாரா, ஊட்டி முடித்ததும் உடனே சாய்த்துவிடுகிறாரா? குறைந்தது அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, தொடுவதற்கு முன்னால் "அம்மா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுகிறாரா என்று கவனியுங்கள். எவ்வளவு அவசர வேலையிலும் அப்படிச் சொல்லித் தொடுகிறவர், மற்றதைக் கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வார். என் அனுபவத்தில் இது பொய்த்ததில்லை.

பதில் 2: ஈஸ்ட் ஹாம் வாசி

நான் இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மேலே செவிலியர் அம்மா சொன்னதில் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. வேறு ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இங்கே குளிப்பாட்டுதல், உடுத்துதல், கழிப்பறைக்கு உதவுதல், ஊட்டுதல் ஆகிய உடல்சார்ந்த பராமரிப்பை வீட்டில் வழங்கும் நிறுவனம் எதுவாயினும் 'கேர் குவாலிட்டி கமிஷன்' என்ற அமைப்பிடம் பதிவு செய்தாக வேண்டும். சமையல், வீடு துடைத்தல் மட்டும் என்றால் பதிவு வேண்டியதில்லை. அவர்கள் ஆய்வுக்கு வரும்போது ஐந்து கேள்விகளை வைத்துப் பார்ப்பார்கள்: பாதுகாப்பாக இருக்கிறதா, பயன் தருகிறதா, அக்கறையோடு நடத்துகிறார்களா, அந்த நபரின் தேவைக்கு ஏற்ப மாறிக்கொள்கிறார்களா, நிறுவனம் ஒழுங்காக நடத்தப்படுகிறதா. இவற்றுக்கு 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நான்கு தரங்கள் உண்டு. இந்த ஐந்தையும் நீங்கள் ஒரு தாளில் எழுதிவைத்து ஏஜென்சியிடம் கேட்கலாம், தவறில்லை. ஆயினும் அந்தத் தரம் நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுவது. நாளை காலை கதவைத் தட்டப்போகிறவருக்குக் கொடுக்கப்படுவது அல்ல. நல்ல தரம் பெற்ற நிறுவனத்திலும், முன்பின் பார்க்காத ஒருவர் வந்து உடை களையச் சொன்னால் ஒரு மூதாட்டிக்கு அது எப்படி இருக்கும்?

அதனால் நான் முதலில் பார்ப்பது ஆள் மாறும் எண்ணிக்கையைத்தான். ஐந்து மாதத்தில் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும், அம்மாவின் கை மூடியிருக்கும், அதைத் திறந்து கழுவ வேண்டும் என்ற விவரம் போன்ற சிறு சிறு அறிவுகள் முன்னவரோடே போய்விடுகின்றன. ஒருவர் இன்னொருவருக்குப் பொறுப்பைக் கையளிக்க அரை நாளாவது இருவரும் சேர்ந்து இருந்தார்களா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு குறையும் இல்லாத பதிவேடு. எங்கள் ஊழியர்கள் வீட்டுக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் கைபேசியில் பதிவு செய்கிறார்கள். நிமிடக் கணக்கு அலுவலகத்தில் தெரியும். எல்லா வீட்டிலும் எல்லா நாளும் ஒரே அளவாக நிமிடங்கள் வந்தால் நான் அன்றே நேரில் போய்ப் பார்ப்பேன். உயிருள்ள மனிதர் ஒரு நாள் குளிக்க மறுப்பார், ஒரு நாள் மலச்சிக்கல் இருக்கும், ஒரு நாள் அழுவார். "இன்று காலை சாப்பிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார், பதினோரு மணிக்குக் கஞ்சி குடித்தார்" என்று ஒரு வரி எழுதும் ஊழியரை நான் நம்புவேன். உங்கள் படிவத்தில் டிக் போடும் பதினான்கு வரிகளைக் குறைத்து, அந்தப் பெண் தம் சொந்தச் சொற்களில் மூன்று வரி எழுதவோ குரலில் பதிவு செய்து அனுப்பவோ கேளுங்கள்.

நேரம் என்பதும் தரத்தில் சேர்ந்ததுதான். 15 நிமிட வருகைகள் இந்த நாட்டில் நீண்ட காலமாகச் சர்ச்சைக்குரியவை. மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டுதல்கள் வகுக்கும் 'நைஸ்' என்ற அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அரை மணிக்குக் குறைந்த வருகை கூடாது என்று சொல்லி, முன்பே பழகிய ஊழியர் குறிப்பிட்ட ஒரு சிறு வேலைக்காக வருவது போன்ற சில நிபந்தனைகளோடு மட்டுமே விலக்கு அளிக்கிறது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது மூடிய கையைத் திறப்பது போன்ற பொறுமையான வேலைகள்தான்.

பேச முடியாதவரிடம் கேட்பது பற்றி: முதலில் அவருடைய 'ஆம்', 'இல்லை' நம்பத்தக்கதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சிலர் 'இல்லை' என்று நினைத்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டுவார்கள். இடது கை கட்டைவிரலை உயர்த்தினால் ஆம், கையை விரித்து அசைத்தால் இல்லை என்று பழக்கி, விடை தெரிந்த ஐந்தாறு கேள்விகளைக் கேளுங்கள்; அவற்றில் பாதி தவறானவையாக இருக்கட்டும். அவை சரியாக வந்தால் மேலே போகலாம். அந்தப் பெண்ணும் அப்பாவும் இல்லாத நேரத்தில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றையே கேட்டு, பத்து எண்ணும் வரை காத்திருங்கள். குடும்பத்தார் பலரும் மூன்று எண்ணுவதற்குள் தாமே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். கடைசியாக "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருங்கள்.

கேமராவைப் பற்றியும் அம்மாவிடமே கேளுங்கள். அவர் சம்மதித்தாலும், உடை மாற்றும் இடத்திலும் கழுவிவிடும் நேரத்திலும் அது இருக்கக் கூடாது.

பதில் 3: முதியோர் நலத் தன்னார்வலர், கோவை

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் பிள்ளைகளின் கடமையையும் முதியோர் இல்லங்களையும் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளை அது தொடவில்லை. அவற்றையும் பதிவுக்கும் குறைந்தபட்சத் தர விதிகளுக்கும் உட்படுத்த ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது, ஆனால் சட்டமாகவில்லை. எனவே உங்களுக்கு இருக்கும் முக்கியமான பிடி, ஏஜென்சியோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்தான். வருகிறவருக்கு என்ன பயிற்சி உண்டு, அவர் விடுப்பில் போனால் யார் வருவார், பொறுப்பைக் கையளிக்க எவ்வளவு நேரம், மாதம் ஒரு முறை செவிலியர் நேரில் வந்து பார்ப்பாரா, நீங்கள் தரும் தொகையில் அந்தப் பெண்ணின் கைக்குப் போவது எவ்வளவு என்ற ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் ஏஜென்சியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்று. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஏஜென்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத, தோலையும் மூட்டையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குள் வந்து போவது பெரிய பாதுகாப்பு. மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணையும் அப்பாவின் கைபேசியில் போட்டு வையுங்கள்.

பதில் 4: பதினோரு ஆண்டாக இந்த வேலையில் இருப்பவள்

ஐயா, நான் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணைப் போன்ற ஒருத்தி. விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து இந்த வேலையில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் எழுதியிருப்பது சரியானது, நானே இதிலிருந்து இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன், மன்னிக்க வேண்டும். அந்தப் பெண் எப்போது தூங்குகிறார்?

24 மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்றால் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று எழ வேண்டும். இடையில் டயப்பர் நனைந்தால் அதற்கும் எழ வேண்டும். பகலில் கண்ணயர்ந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரியும். நான் ஒரு வீட்டில் நாற்பது நாள் அப்படி இருந்தேன். நாற்பதாவது நாள் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, கொடுத்துவிட்டேனா இல்லையா என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்குத்தான் பயந்து, ஏஜென்சியில் சொல்லி விலகினேன். நான் மோசமானவள் என்று அந்த வீட்டில் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் இருந்து போன இருவரும் ஏன் போனார்கள் என்று கேட்டீர்களா?

இரவில் எழுந்ததற்குப் படிவத்தில் டிக் போட்டேன், எழவில்லை என்றாலும் டிக் போட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் கோபப்படலாம். டிக் போடாவிட்டால் ஏஜென்சியிலிருந்து போன் வரும், ஒரு நாள் கூலி போகும். அதனால் எல்லோரும் போடுகிறோம். உண்மையை எழுதினால் அபராதம் இல்லை என்று தெரிந்தால்தான் உண்மை எழுத வரும்.

கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எனக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்; இரத்த அழுத்தம் பார்க்கவும் டயப்பர் மாற்றவும் சொல்லித்தந்தார்கள். முடங்கிய கையை எப்படித் திறப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. திறந்தால் உடைந்துவிடுமோ, அம்மா அலறிவிடுவாரோ என்ற பயத்தில் நானும் முதல் வீட்டில் தொடாமல் விட்டிருக்கிறேன்.

இன்னொரு வீட்டில் ஓர் அம்மாவுக்கு உங்கள் அம்மாவைப் போலவே வலது கை போய்விட்டது. மதியச் சோற்றைத் தொடவே மாட்டார். "சாப்பிட மறுத்தார்" என்று முன்னால் இருந்தவர்கள் தினமும் எழுதியிருந்தார்கள். பசியில்லை என்று மருந்துகூட மாற்றினார்கள். ஒரு நாள் பேரன் தட்டிலிருந்த பிஸ்கட்டை அவர் மறைத்து எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு இடது கையால் தின்பதைப் பார்த்தேன். பீச்சாங்கையால் சோறு தின்பதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான், பசியின்மை அல்ல. அடுத்த நாள் ஒரு கரண்டியைக் கொடுத்து, அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, நானும் பக்கத்தில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு என் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். முழுத் தட்டையும் காலி செய்தார். இதைப் படிவத்தில் எந்த வரியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கேமரா வைத்த வீட்டிலும் இருந்திருக்கிறேன். கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. ஒரு பெரியவரின் உடம்பை அதன் முன்னால் தினமும் திறந்து துடைக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு துண்டை அதன்மேல் போட்டேன். எதை மறைக்கிறாய் என்று வெளியூரிலிருந்து மகன் போனில் கேட்டார். அந்தப் பெரியவர் பேசக்கூடியவர்தான், ஆனால் அன்று முழுதும் யாரிடமும் பேசவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் படுக்க ஓர் இடமும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், இரவில் மாற்றாள் ஒருவரும் கொடுத்துவிட்டு, பிறகு நிறை குறை பாருங்கள் ஐயா. அதற்கு முன் பார்த்தால் உங்களுக்குத் தெரிவது அவருடைய களைப்பு மட்டும்தான்.

தாமிரபரணிக்கரை (கேட்டவர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. விருதுநகர் அக்காவின் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் கழித்து, "அந்தப் பிள்ளை ராத்திரி உட்கார்ந்துகிட்டேதான்யா தூங்குது" என்றார். ஐந்து மாதமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. குறையாகச் சொல்லத் தோன்றவில்லை. இப்போது இரவு பத்து முதல் காலை ஆறு வரை தெருவிலேயே இருக்கும் ஒரு பெண்மணி வருகிறார். கூடுதல் செலவைத் தம்பி ஏற்றுக்கொண்டான், கேமராப் பேச்சை விட்டுவிட்டான்.

சித்தி வாரந்தோறும் போகிறார். குதிகாலில் ஓரிடம் கறுத்துச் சூடாக இருந்ததை முதல் வாரமே கண்டுபிடித்தார்; காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்திய பிறகு இப்போது சூடு தணிந்திருக்கிறது. கெண்டைச்சதை 30 சென்டிமீட்டர். மருத்துவரிடம் சொல்லியிருக்கிறோம்.

அம்மாவிடமும் கேட்டேன். "இது தூத்துக்குடியா?" என்றதற்குக் கையை விரித்து அசைத்தார், "நான் மூத்தவனா?" என்றதற்குக் கட்டைவிரலை உயர்த்தினார், ஆறு கேள்விக்கும் சரியான பதில். தண்ணீர் சூடு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றுக்கும் விடை வந்தது. கடைசியில் "வேறு ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். இடது கையை நீட்டிக் கதவைக் காட்டினார். வெளியே போக வேண்டுமா என்றேன், இல்லை. காற்று வேண்டுமா என்றேன். கையைக் கோபமாக அசைத்தார், கண் கலங்கிவிட்டது. எனக்கு விளங்கவே இல்லை. பிறகு அந்தப் பெண்ணை அழைத்தேன். அவர் ஒரு கணம் கதவையும் கட்டிலையும் பார்த்துவிட்டு, "துணி மாத்துறப்போ கதவைச் சாத்தணுமாம்மா?" என்று கேட்டார். அம்மா கட்டைவிரலை உயர்த்தி அப்படியே வைத்திருந்தார்.

அம்மா படுத்திருப்பது நடு அறை. புழுக்கமாக இருக்கிறது என்று கதவைத் திறந்தே வைப்பார்கள். முன் திண்ணையில் அப்பாவோடு பேப்பர் படிக்க அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இருவர் காலையிலும் மாலையிலும் வருவார்கள். இப்போது கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை போட்டிருக்கிறோம், வேலை நடக்கும்போது கதவையும் சாத்துகிறார்கள்.

செவிலியர் அம்மாவிடம் ஒரு சந்தேகம்: உள்ளங்கைப் புண் ஆறிவிட்டது. துணிச் சுருளை இரவிலும் அப்படியே விட்டுவைக்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

பகலில் சில மணி நேரம் போதும் தம்பி. ஈரமானால் உடனே மாற்றச் சொல்லுங்கள், எடுக்கும் ஒவ்வொரு முறையும் விரல் இடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவுக்குச் சுருள் வேண்டாம். வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளர் அந்தக் கையைப் பார்த்து, தேவையென்றால் அதன் அளவுக்கு ஸ்ப்ளிண்ட், அதாவது கையை விரித்த நிலையில் தாங்கிப் பிடிக்கும் சாதனம், சொல்வார். அவர் வரும் நாளில், இரவில் வரும் பெண்மணியையும் கூட இருக்கச் சொல்லுங்கள்; கையைத் திறக்கும் விதத்தை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.